பரணில் கிடைத்த பழைய கார்டு, கவர்: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

பாளையங்கோட்டையிலோ கல்லிடைக்குறிச்சியிலோ மேலப்பாளையத்திலோ பழைய வீட்டை இடிக்கும்போது, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி நிறையத் தபால் கார்டுகள் இறங்கும். வீட்டார் அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடப் பார்ப்பார்கள், அல்லது கோடி ரூபாய்ப் புதையல் என்று நினைத்துப் பூட்டி வைப்பார்கள். இரண்டும் தவறு. எங்கள் வீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு நான் விசாரித்தபோது ஒரு கடையில் எடைக்கு விலை சொன்னார்கள். இன்னொருவர் அதே கட்டிலிருந்து ஒரே ஒரு கார்டை உருவிக்கொண்டு, மொத்தக் கட்டுக்கும் முன்னவர் சொன்னதைவிடப் பல மடங்கு தருகிறேன் என்றார். ஏன் அந்தக் கார்டு என்று கேட்டால் சிரிப்புதான் பதில். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் விவரங்களைத் தேடித் திரட்டி இங்கே வரிசையாகத் தருகிறேன்.

இங்கே பேசப்போவது ஸ்டாம்பு ஒட்டிய கடிதங்களைப் பற்றியல்ல. ஸ்டாம்பு அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கும் கார்டு, இன்லண்ட், கவர், ரிஜிஸ்டர் கவர், வெளிநாட்டுக்கு எழுதும் மடிப்புக் கடிதமான ஏரோகிராம் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே.

1. எதையும் நனைக்காதீர்கள், வெட்டாதீர்கள்

முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஒட்டிய ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றும் பழக்கம் பள்ளிக்கூட நாளிலிருந்தே நம் கையோடு வருகிறது. அச்சான ஸ்டாம்பு எந்தத் தண்ணீரிலும் கழலாது. கார்டுதான் ஊறி உப்பும், மை கரையும், தபால் முத்திரை மங்கும்.

அடுத்தது கத்தரிக்கோல். ஸ்டாம்பு அச்சான மூலையை மட்டும் சதுரமாக வெட்டி ஆல்பத்தில் ஒட்டுவது ஒரு காலத்தில் வழக்கமாகவே இருந்தது. இன்று அப்படி வெட்டிய துண்டுக்கு அநேகமாக மதிப்பே இல்லை. வாங்குபவர் பார்ப்பது முழு உருப்படியை. எங்கிருந்து எங்கே போனது, எந்த நாளில் போனது, வழியில் யார் முத்திரை குத்தினார்கள் என்பதெல்லாம் முழுத் தாளில்தான் இருக்கிறது.

மஞ்சள் கறையையும் துடைக்க வேண்டாம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கார்டு கல்யாணச் செய்தியோ வேறு நல்ல செய்தியோ கொண்டுவந்தது. வெளியூர் வியாபாரி அதைக் ‘கறை’ என்று எழுதி விலையைக் குறைப்பார். நம் பக்கத்துச் சமூக வரலாற்றைச் சேர்ப்பவருக்கு அந்த மஞ்சள்தான் வேண்டும். துக்கச் செய்தி வந்த கார்டு இதைவிட அரிது, ஏனென்றால் படித்த உடனே கிழித்து எறிந்துவிடுவது வழக்கம். கிழியாமல் தப்பிய ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே வீட்டாருடன் பேசிவிடுவதும் நல்லது. பெரியப்பா வீட்டுக் கடன் தகராறும் அத்தையின் சம்பந்தப் பேச்சும் அந்தக் கார்டுகளில் எழுதியிருக்கும். விற்ற பிறகு மனவருத்தம் வருவதைவிட, முன்கூட்டியே எல்லாரும் ஒருமுறை படித்து, வெளியே போகக்கூடாதவற்றை எடுத்துக்கொள்வது மேல். பொதுச் சொத்தாக இருந்தால், பங்காளிகள் சம்மதித்ததாக ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி வையுங்கள். பின்னால் ஒரு கார்டு நல்ல விலைக்குப் போனது தெரிந்ததும் நினைவு வரும் உறவினர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள்.

2. எது இந்த வகை, எது இல்லை என்று பிரியுங்கள்

ஒரு பெரிய பாயை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, குவியல்களாகப் பிரியுங்கள்.

தபால் கார்டு எளிது. இரண்டு கார்டுகள் மடிப்பில் சேர்ந்திருந்தால் அது பதில் கார்டு. கேள்வி ஒரு பாதியில், பதிலுக்கு முன்பணம் கட்டிய மறுபாதி வெறுமையாக. கிழிக்காமல் இரண்டு பாதியும் சேர்ந்தே கிடைத்தால் மதிப்பு கூடுதல். தயவுசெய்து மடிப்பில் பிரித்துவிடாதீர்கள்.

கவர்களில் பழையவை புடைப்பு அச்சில் இருக்கும். விரலால் தடவினாலே அரசியின் தலையோ அரசரின் தலையோ மேடாகத் தட்டுப்படும். ரிஜிஸ்டர் கவர் உள்ளே துணி ஒட்டிய தடித்த உறை. முகப்பில் குறுக்கும் நெடுக்குமாக நீலக் கோடுகள் ஓடும். அதன் பின்மடலையும் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் ஸ்டாம்பு அங்கேதான் அச்சாகியிருக்கும்.

இன்லண்ட் 1950 அக்டோபர் 2 முதல்தான் வந்தது. ஆகவே ‘வெள்ளைக்காரன் காலத்து இன்லண்ட்’ என்று யாராவது விற்றால் நடையைக் கட்டுங்கள். ஏரோகிராம் வளைகுடாக் கடிதங்களின் காலத்தில் கடையநல்லூர், மேலப்பாளையம், காயல்பட்டினம் வீடுகளில் குவிந்தது. இன்று யாரும் சீந்தாததால் மலிவு. எனக்கு விலை ஏறும் என்று தோன்றும் ஒரே குவியல் அதுதான், ஆனால் அது என் ஊகம்.

படத் தபாலட்டை இந்த வகையில் சேராது, அதில் ஸ்டாம்பு தனியே ஒட்டியிருக்கும். பத்திரத்தாள், கோர்ட்டு ஸ்டாம்பு, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய ரசீது ஆகியவையும் சேரா. அவற்றுக்குத் தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். எறியாமல் வேறு பெட்டியில் வையுங்கள்.

3. காலத்தைக் கண்டுபிடியுங்கள்

முத்திரை தெளிவாக இருந்தால் தேதி அதிலேயே இருக்கும். ஆனால் பாதிக் கார்டுகளில் முத்திரை வெறும் கரும்புள்ளியாகத்தான் விழுந்திருக்கும். அப்போது வேறு தடயங்களைப் பார்க்க வேண்டும்.

தலையைப் பாருங்கள்: விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ், பிறகு சுதந்திர இந்தியா. இந்தியாவின் முதல் தபால் கார்டு 1879 ஜூலை 1 அன்று கால் அணா விலையில் வந்தது. ‘ஈஸ்ட் இந்தியா போஸ்ட் கார்டு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும், இன்றைய கார்டைவிடச் சிறியது. முகவரிப் பக்கத்தில் முகவரி மட்டுமே எழுத வேண்டும் என்ற எச்சரிக்கையும் அச்சாகியிருக்கும். இவை லண்டனில் அச்சானவை. 1920களின் நடுவில் இந்திய ஸ்டாம்பு அச்சு வேலை நாசிக்குக்கு மாறியது.

விலையைப் பாருங்கள். உள்நாட்டுக் கார்டு 1922 வரை கால் அணா, அந்த ஆண்டு அரை அணாவானது. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசாவானது. ஆகவே ‘நயா பைசா’ என்று அச்சிட்ட கார்டு அந்த ஏழு ஆண்டுகளில் வெளியானது. வாங்கி வைத்திருந்து பின்னால் எழுதியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். அச்சான காலமும் அனுப்பிய காலமும் வேறு வேறு. ஆறாம் ஜார்ஜ் கார்டுகளைச் சுதந்திரத்துக்குப் பிறகும் எழுதியிருக்கிறார்கள். திரிமூர்த்தி படமிட்ட சுதந்திர இந்தியக் கார்டு 1949 டிசம்பரில்தான் வந்தது.

பின்கோடு கட்டங்களைப் பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு கட்டங்கள் அச்சான கார்டு அதற்குப் பிந்தையது.

இனி நம் பக்கத்துக்கே உரிய தடயங்கள். இவற்றை வெளியூர் வியாபாரியிடம் கேட்டால் கிடைக்காது.

முகவரியில் மாவட்டத்தின் பெயர் நல்ல துப்பு. ‘டின்னெவெல்லி’, ‘பாளம்கோட்டா’, ‘ஷென்கோட்டா’ என்ற ஆங்கில எழுத்துகள் பழைய முத்திரைகளில் வரும். ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்று எழுதியிருந்தால் 1986க்கும் 1997க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். அரசு பெயரை மாற்றிய பிறகும் பழைய பெயரையே எழுதிக்கொண்டிருந்தவர்கள் உண்டு, சில ஆண்டுகள் முன்பின் இருக்கும். தென்காசி மாவட்டம் என்று இருந்தால் 2019 நவம்பருக்குப் பிந்தையது. அதில் பழமை தேட வேண்டாம்.

கடிதத்தின் தலைப்பில் கொல்லம் ஆண்டு போடுவது நம் பக்கத்து வழக்கம். அதோடு 824 கூட்டினால் அந்த ஆண்டு தொடங்கிய ஆங்கில வருடம் வரும். கொல்லம் 1095 என்றால் 1919 ஆகஸ்டில் தொடங்கி 1920 ஆகஸ்டில் முடிந்தது. ஆகவே அந்த ஆண்டின் தை மாதக் கடிதம் 1920இல் எழுதியது. வெறுமனே ‘பிரபவ வருஷம்’ என்று இருந்தால் 1867, 1927, 1987 ஆகிய மூன்றில் ஒன்றில் தொடங்கியது. அரசரின் தலையும் கார்டின் விலையும் எது என்று சொல்லிவிடும். தேதி தமிழ் எண்களில் இருந்தால் அவற்றைப் படிக்கத் தெரிந்த பெரியவர் யாரையாவது பிடியுங்கள். ௧ முதல் ௯ வரை நீங்களே கற்றுக்கொள்ளவும் அரை மணி நேரம் போதும்.

4. செங்கோட்டைக் கட்டு என்றால் நிதானம்

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததல்ல. திருவிதாங்கூரின் பகுதி, கடைசி ஏழு ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. அங்கே பிரிட்டிஷ் இந்தியத் தபாலைத் தவிர திருவிதாங்கூர் அரசின் சொந்தத் தபாலான ‘அஞ்சல்’ ஓடியது. அதன் அடையாளம் சங்கு. விலை அணாவில் இருக்காது, சக்கரத்திலும் காசிலும் இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

செங்கோட்டை, நாகர்கோவில், தக்கலைப் பக்கம் சம்பந்தம் வைத்திருந்த குடும்பங்களின் பெட்டியில் சங்கு போட்ட கார்டுகள் கிடைக்கும். இந்தியக் கார்டு இல்லை என்பதால் சிலர் இவற்றைப் ‘போலி’ என்று ஒதுக்குகிறார்கள். வேறு சிலர், சமஸ்தானம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். உண்மை நடுவில் இருக்கிறது. சாதாரண அஞ்சல் கார்டுகள் ஏராளமாக அச்சானவை; பயன்படுத்தாத நிலையில்கூட மலிவாகக் கிடைப்பவை உண்டு. செங்கோட்டை முத்திரை தெளிவாக விழுந்த பயன்படுத்திய கார்டு வேறு விஷயம். நெல்லை மாவட்டத் தபால் வரலாற்றைச் சேர்ப்பவரும் தேடுவார், திருவிதாங்கூர் சேர்ப்பவரும் தேடுவார். இரண்டு பேர் தேடும் பொருளுக்குத்தான் விலை ஏறும்.

அஞ்சல் கார்டு சமஸ்தானத்துக்குள் செல்லும், அதைத் தாண்டிப் பிரிட்டிஷ் பகுதிக்குப் போக இந்திய ஸ்டாம்பு வேண்டும். ஆகவே ஒரே கவரில் சங்கு முத்திரையும் இந்திய ஸ்டாம்பும் சேர்ந்து இருந்தால் அதைத் தனி உறையில் போட்டு வையுங்கள், யாரிடமும் அவசரப்பட்டு விலை கேட்க வேண்டாம். 1949இல் கொச்சி அஞ்சலும் திருவிதாங்கூர் அஞ்சலும் இணைந்தன. 1951 ஏப்ரல் 1 அன்று இந்தியத் தபாலுடன் கலந்துவிட்டன. அந்த இரண்டு ஆண்டுக் கடிதங்களை உற்றுப் பாருங்கள்.

5. கொழும்பும் ரங்கூனும்

நெல்லைச் சீமையில் வெளிநாட்டு உறவு இல்லாத வியாபாரக் குடும்பம் குறைவு. ‘சென்ட்’ என்று விலை போட்ட கார்டு இலங்கையிலிருந்தோ மலேயாவிலிருந்தோ வந்திருக்கும். அந்தந்த நாட்டுச் சேகரிப்பாளருக்கு அது உரியது, அந்த நாட்டு விலைப்படியே மதிக்க வேண்டும்.

பர்மா 1937 ஏப்ரல் 1 வரை இந்தியாவோடு இருந்ததால் அங்கே ஓடியது இந்தியக் கார்டுதான். எனவே பார்க்கச் சாதாரண ஐந்தாம் ஜார்ஜ் கார்டு போல இருப்பதில் ரங்கூன் முத்திரை விழுந்திருக்கலாம். ‘பர்மாவில் பயன்பட்ட இந்தியா’ என்று அதற்குத் தனிச் சேகரிப்பே இருக்கிறது. என்னிடமிருந்து உருவப்பட்ட அந்த ஒரு கார்டு இந்த வகைதான்.

6. மதிப்பைக் கூட்டுபவை

பழமை மட்டும் விலை தராது. விக்டோரியா கால் அணாக் கார்டு கோடிக்கணக்கில் அச்சானது. நூற்றுமுப்பது வயது ஆனாலும் சாதாரணமாக எழுதிய ஒன்று, நான் பார்த்த அளவில், 50 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் இடையில் கைமாறுகிறது. ஜார்ஜ் காலத்து அல்லது சுதந்திரத்துக்குப் பிந்தைய சாதாரணக் கார்டு 10 முதல் 50 ரூபாய்.

அந்த விலையிலிருந்து மேலே தூக்குபவை இவை:

கூடுதல் ஸ்டாம்பு. 1922இல் கட்டணம் இரட்டிப்பானபோது கையில் கால் அணாக் கார்டு வைத்திருந்தவர்கள் மேலும் கால் அணா ஸ்டாம்பை ஒட்டி அனுப்பினார்கள். அப்படி ஒட்டியதும், ஒட்டாமல் அனுப்பிக் குறைகட்டண முத்திரை வாங்கியதும் கட்டண மாற்றத்துக்கே சாட்சி. கட்டணம் மாறிய முதல் சில வாரங்களின் முத்திரை இருந்தால் இன்னும் நல்லது.

இதே போல 1971 நவம்பரிலிருந்து 1973 மார்ச் வரை கடிதங்களுக்கு 5 பைசா அகதிகள் நிவாரண வரி இருந்தது. அந்தக் காலத்து இன்லண்டில் அச்சான ஸ்டாம்புக்குப் பக்கத்தில் 5 பைசா நிவாரண ஸ்டாம்பு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அசிங்கமாக இருக்கிறது என்று பிய்த்துவிடாதீர்கள்.

முத்திரை. ரயில் தபால் முத்திரை, கிராமங்களில் சோதனை முறையில் திறந்த தபால் நிலையங்களின் ‘எக்ஸ்பெரிமென்டல்’ முத்திரை, இன்று மூடிவிட்ட சிற்றூர்த் தபால் நிலையத்தின் முத்திரை. திருநெல்வேலிக்கு 1876இல் ரயில் வந்தது, செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு 1904இல் போனது. அந்தப் பாதையின் ரயில் முத்திரை தெளிவாக இருந்தால் பத்து ரூபாய்க் கார்டு நூறுகளுக்குப் போகும்.

மேலச்சு, அதாவது அச்சான கார்டின் மேல் பிறகு அச்சிட்ட சொல். அரசு அலுவலகக் கார்டுகளில் ‘சர்வீஸ்’ என்றோ பழையவற்றில் ‘ஆன் எச்.எம்.எஸ்.’ (அரசரின் அல்லது அரசியின் பணியில்) என்றோ இருக்கும். குவாலியர், பட்டியாலா, நாபா, ஜிந்த், சம்பா ஆகிய சமஸ்தானங்களின் பெயரை இந்தியக் கார்டின் மேல் அச்சிட்டதும் உண்டு. போலிகள் அதிகம் திரியும் இடமும் இதுதான். விலையுயர்ந்த மேலச்சுக்கு நிபுணர் சான்று இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வணிகர் அச்சு. பருத்தி, கருப்பட்டி மண்டிக்காரர்களும் ஆலைகளும் கார்டின் பின்பக்கத்தில் தம் பெயரையும் விலை விவரத்தையும் அச்சடித்து அனுப்பினார்கள். தபால்காரருக்கு அது வெறும் கார்டு. உள்ளூர் வரலாற்றுக்காரருக்குப் பொன்.

காந்தி. 1951 அக்டோபர் 2 அன்று வந்த காந்தி படக் கார்டுகளும் 1969 நூற்றாண்டுக் கார்டுகளும் எப்போதும் வேண்டப்படுபவை. இதில் 1951 தொகுதி, எழுதாத நிலையில், நல்ல விலை பெறும்.

7. மதிப்பைக் குறைப்பவை

தென்னாட்டில் முதல் குறை கம்பி ஓட்டை. வந்த கடிதத்தை வளைந்த கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்ட நம் பழக்கத்தால் பத்துக்கு ஐந்து கார்டின் நடுவில் ஓட்டை இருக்கும். வெற்றிடத்தில் விழுந்த ஓட்டையானால் பாதி விலை என்று வைத்துக்கொள்ளலாம். அச்சான ஸ்டாம்பின் மேலோ முத்திரையின் மேலோ விழுந்திருந்தால் கால்வாசிதான். மிக அரிய உருப்படிக்கு மட்டும் யாரும் ஓட்டையைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

பிறகு இராமபாணப் பூச்சி அரித்தது, கரையான், நடு மடிப்பு, செல்லோடேப் போட்டு ஒட்டியது. செல்லோடேப் இருந்தால் உரிக்க முயலாதீர்கள், மேல்தாளும் சேர்ந்து வரும். பால்பாயிண்ட் பேனாவில் பின்னால் யாரோ எழுதிய கணக்கும் விலையைக் குறைக்கும், பென்சில் குறிப்பு அவ்வளவு பாதிக்காது. உங்கள் குறிப்பையும் பென்சிலில், உறையின் மேல் எழுதுங்கள், கார்டின் மேல் வேண்டாம்.

8. பட்டியல் போடுங்கள், பிறகு விலை கேளுங்கள்

ஒரு நோட்டிலோ கணினியிலோ உருப்படிக்கு ஒரு வரி. வரிசை எண், வகை, அரசர் அல்லது படம், அச்சிட்ட விலை, நீள அகலம் மில்லிமீட்டரில், அனுப்பிய ஊர், சேர்ந்த ஊர், தேதி, குறை. அளவு ஏன் என்றால், ஒரே படம் ஒரே விலையில் இரண்டு மூன்று அளவுகளில் வந்திருக்கும். ஒன்று மலிவு, மற்றொன்று அரிது.

முன்னும் பின்னும் படம் எடுங்கள். செல்பேசி போதும், வெயில் நேரடியாகப் படாத ஜன்னலோரம் நல்லது. 10 மடங்கு காட்டும் உருப்பெருக்கி 300 ரூபாய்க்குள் கிடைக்கும். உறைகளுக்குப் பாலியெஸ்டர் தாள் கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. ஆல்பம் மலிவாக இருந்தாலும் நம் வெயிலில் பிசுபிசுத்து மையை உருக்கிவிடும். குற்றாலச் சாரல் நாட்களில் தென்காசிப் பக்கத்தில் பெட்டியைத் திறந்து பரப்பவே வேண்டாம், ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும்.

கட்டு ஐந்நூறுக்குள் இருந்தால் இரண்டு மூன்று வார இறுதிகளில் முடிந்துவிடும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பட்டியல் இல்லாமல் கடையில் கட்டை வைத்தால், ‘அண்ணாச்சி, மொத்தமாகத் தந்துவிடுங்கள், நல்லதும் கெட்டதும் சேர்ந்தே போகட்டும்’ என்பார்கள். நல்லது எது என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்பதுதான் அந்தப் பேச்சின் பொருள்.

விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏல இணையதளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கும், அதில் கடைசி ஆறு மாதத்தைப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் என்று ஆண்டுக்கணக்கில் தொங்கும் கார்டு, அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதற்கே சாட்சி. பட்டியல்களில் ‘எச் அண்ட் ஜி’ என்று ஓர் எண் போட்டிருந்தால் அது ஹிக்கின்ஸ் அண்ட் கேஜ் என்ற உலக அட்டவணையின் எண். வகையைப் பிரித்தறிய இன்றும் உதவும். அதன் டாலர் விலைகள் பல பத்தாண்டுகள் பழையவை, விலைக்கு நம்ப வேண்டாம்.

வியாபாரி வாங்கும் விலை, அவர் விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருந்தால் அது நியாயம். கடை வாடகையும் விற்காமல் கிடக்கும் சரக்கும் அவருக்கு இருக்கிறது. அதற்கும் கீழே போனால் வேறு ஒருவரைக் கேளுங்கள். குறைந்தது மூன்று பேரிடம், பட்டியலின் நகலை மட்டும் காட்டிக் கேளுங்கள். அசலை ஒரு கடையில் ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று விட்டுவிட்டு வருவதானால், வரிசை எண்களோடு கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் வராதீர்கள்.

9. புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றால் இன்றைய தபால் நிலையமே மலிவான கடை. கார்டு 50 பைசா, இன்லண்ட் 2 ரூபாய் 50 பைசா, கவர் 5 ரூபாய். முகவரிப் பக்கத்தின் இடது பாதியில் விளம்பரம் அச்சிட்ட 25 பைசா மேகதூதக் கார்டுகளைப் பழைய கட்டுகளில் தேடுங்கள், தமிழ் விளம்பரம் உள்ளவை நல்ல தொடக்கம். தபால்துறையின் சேகரிப்பாளர் வைப்புக் கணக்கு 200 ரூபாயில் தொடங்கலாம். புதிய வெளியீடுகள் வீட்டுக்கே வந்துவிடும். விண்ணப்பத்துக்கு அடையாள அட்டையின் நகலை எடுத்துப் போங்கள். உங்கள் ஊர்த் தலைமைத் தபால் நிலையத்தில், எந்த அலுவலகத்தில் தொடங்கலாம் என்று கேளுங்கள்.

10. அனுப்பும்போது

இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில், பாலியெஸ்டர் உறையோடு, நான்கு பக்கமும் காகித டேப் போட்டுக் கட்டுங்கள். ரப்பர் பேண்டு நேரே கார்டில் படக்கூடாது. பதிவுத் தபால் என்று தனியாக இப்போது இல்லை, 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளில் ‘ரிஜிஸ்டர் செய்யுங்கள்’ என்று படித்துவிட்டுக் கவுன்டரில் வாதாட வேண்டாம். பொட்டலம் கட்டுவதைச் செல்பேசியில் படம் பிடித்து வைத்தால், கார்டு வரவில்லை, ஓட்டை இருந்தது என்ற சண்டை வரும்போது உதவும். விலையுயர்ந்ததைக் காப்பீடு செய்து அனுப்புங்கள், அந்தச் செலவை வாங்குபவர் ஏற்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்காரர் வாங்குகிறார் என்றால் இன்னொரு தடை உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் தொல்பொருளாகக் கருதப்படலாம். அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. கால் அணாக் கார்டில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதியதை யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள் என்றாலும், பாளையங்கோட்டை மிஷன் கடிதத் தொகுதி போன்ற ஒன்று உங்களிடம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் கேளுங்கள். அதற்கு ஒவ்வோர் உருப்படியின் படமும் விவரமும் வேண்டும், எட்டாம் படியில் போட்ட பட்டியலையே அச்செடுத்துக் கொடுக்கலாம். சான்றிதழ் கைக்கு வரும் வரை வாங்குபவரிடம் முன்பணம் பெறாதீர்கள்.